தியேட்டரில் கொண்டாடிய படம் வீட்டில் சப்பென்று போவது ஏன்?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு இளைஞர் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு புதுச்சேரிக்குப் போய் முதல் நாளே பார்த்துக் கொண்டாடிய ஒரு சண்டைப் படத்தை, நான்கு வாரம் கழித்து வீட்டில் அம்மாவோடு பார்த்தாராம். சப்பென்று இருந்ததாம். பாதி வசனம் காதில் விழவில்லை, இரவு நேரச் சண்டை முழுக்க ஒரே இருட்டு. அதே சமயம், தியேட்டரில் கொட்டாவி விட்டபடி பார்த்த வேறொரு படம் வீட்டில் பார்க்கும்போது மனதைத் தொட்டுவிட்டது. ‘ஓடிடிக்கு மட்டமான பிரதியைக் கொடுக்கிறார்களா? என்னுடைய எந்தக் கருத்தை நான் நம்புவது?’ என்கிறார். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, நண்பர்களிடம் ‘அருமையான படம்’ என்று சொன்ன சொல்லை வாபஸ் வாங்க வேண்டுமா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை. வாங்க வேண்டியதில்லை. படத்தைப் பற்றி நாம் சொல்லும் எந்தக் கருத்திலும் பார்த்த அறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான் விமர்சகன் இல்லை. கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் ஆபரேட்டர் அறைக்குள் உதவியாளாக நுழைந்தவன். பிறகு கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி தியேட்டர்களில் ப்ரொஜெக்டரும் ஒலிக்கருவிகளும் பழுது பார்த்தேன். இப்போது வீடுகளில் டிவியும் ஸ்பீக்கரும் அமைத்துக் கொடுக்கிறேன். ஆகவே ஒலி, ஒளி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மனம், ரசனை என்று வரும் இடங்களில் பல ஆண்டுகள் பின்வரிசைக்கும் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தவனின் அபிப்பிராயம் என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வசனம். தியேட்டரில் நாயகன் பேசும் குரல் திரைக்குப் பின்னால், நடுவில் இருக்கும் தனி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. திரையின் அருகே போய்ப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். குரல் அவற்றின் வழியே வருவதால்தான் அவர் வாயிலிருந்தே வருவதாக நமக்குத் தோன்றுகிறது. இசையின் பெரும்பகுதி இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் போய்விடும். மழையும் கூட்டத்தின் இரைச்சலும் சுவர்களில் இருக்கும் சரவுண்டுக்குப் போகும். இடியும் வெடியும் அடித்தொனிக்கென்று இருக்கும் பெரிய பெட்டிக்கு. குரலுக்குத் தனிப் பாதை, அதில் வேறு யாரும் குறுக்கே வருவதில்லை. வீட்டு டிவியிலோ அடிப்பக்கமாகவோ, முதுகில் சுவரைப் பார்த்தபடியோ இரண்டு சிறு ஸ்பீக்கர்கள். ஆறு பாதைகளில் வர வேண்டியதை அந்த இரண்டில் மடித்து ஊற்றுகிறார்கள். பறையும் இடியும் கதாநாயகியின் முணுமுணுப்பும் ஒரே வாயில் வழியே வெளியே வரும்போது முணுமுணுப்புதான் முதலில் மிதிபடும்.

இதில் அளவும் ஒரு சிக்கல். படத்தின் ஒலியைக் கலக்கும் கூடம் 85 டெசிபல் என்ற ஆதார அளவுக்குச் சீர் செய்யப்பட்டிருக்கும். உச்சத்தில் ஒலி 100 டெசிபலையும் தாண்டும். அங்கே உட்கார்ந்து ‘இந்தக் கிசுகிசுப்பு கேட்கிறது’ என்று முடிவு செய்கிறார்கள். நம் வீட்டில் இரவு பத்து மணிக்கு அந்த அளவில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். குறைத்து வைக்கிறோம். குறைத்ததும் கிசுகிசுப்பு மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது. கடலூர் புழுக்கத்தில் விசிறியை நிறுத்தவும் முடியாது, ஜன்னலைச் சாத்தவும் முடியாது. வசனத்துக்காக ஏற்றுகிறோம், அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கிறது, உள்ளேயிருந்து ‘சத்தத்தைக் குறை’ என்ற குரல் வருகிறது. படம் முழுக்க ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் திரைக்கதையை எங்கே கவனிப்பார்?

தியேட்டர் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். ஒலிக்கருவியில் ஃபேடர் என்று ஒரு எண் உண்டு. 7 என்பது படத்தை உருவாக்கியவர்கள் கேட்ட அளவு. பல தியேட்டர்களில் அது 5-ஐ ஒட்டியே இருக்கும், மக்கள் சத்தம் அதிகம் என்று புகார் சொல்வதால். முதல் நாள் அரங்கு நிறைந்திருக்கும்போது மனித உடல்களும் உடைகளும் கூர்மையான ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், விசிலும் கைதட்டலும் மேலே ஏறி நிற்கும். ஆபரேட்டர் எண்ணைக் கூட்டுவார். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு முப்பது பேர் வந்து உட்காரும்போது அதைக் குறைக்க யாருக்கும் நினைவிருக்காது. அன்று பார்த்தவர் ‘படம் ஒரே இரைச்சல்’ என்று எழுதுவார். முதல் நாள் பார்த்தவர் ‘இசை மிரட்டல்’ என்று எழுதுவார். இரண்டும் நேர்மையான கருத்துகள்தான்.

அடுத்தது இருட்டு. இங்கே பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒரு செய்தி: உங்கள் டிவி தியேட்டர் திரையைவிடப் பல மடங்கு பிரகாசமானது. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். டிஜிட்டல் தியேட்டரில் வெள்ளைக்கு விதிக்கப்பட்ட அளவு 48 நிட். சாதாரண டிவியே 250, 300 நிட் தரும். பிறகு ஏன் டிவியில் இருட்டாகத் தெரிகிறது? அறைதான் காரணம். அரங்கில் விளக்கணைந்து சில நிமிடங்களில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். கறுப்புச் சட்டைக்கும் கறுப்புச் சுவருக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியும். வீட்டில் தலைக்கு மேல் டியூப் லைட் எரிகிறது. அதன் கோடு டிவி கண்ணாடியில் வெள்ளையாக விழுகிறது. கண் அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொள்ள, படத்தின் இருண்ட பகுதி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.

இரண்டாவது காரணம் தகவலின் அளவு. தியேட்டருக்கு வரும் பிரதியில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 250 மெகாபிட் வரை இடம் உண்டு. வீட்டுக்கு இணையத்தில் வரும் 4கே படத்துக்குச் சாதாரணமாக 15 முதல் 25 வரைதான். ஹெச்.டி. என்றால் 5-ஐ ஒட்டி. அவ்வளவு சுருக்கும்போது மென்பொருள் முதலில் சிக்கனம் பிடிப்பது இருண்ட பகுதிகளில். புகை, இரவு வானம், நிழல் விழுந்த சுவர் இவற்றில் கட்டம் கட்டமாகவும் படிப்படியாகவும் தெரிந்தால் அது இந்தச் சிக்கனத்தின் அடையாளம். மூன்றாவது, ஹெச்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் முறை. விலை குறைந்த டிவிகளின் பெட்டியில் அந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் அதற்குத் தேவையான பிரகாசம் உள்ளே இருக்காது. அதிலே படம் இயல்பைவிட மங்கலாகத்தான் தெரியும். உங்கள் டிவியைப் பார்க்காமல் மூன்றில் எது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு அதே சண்டையை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தால் குற்றவாளி டியூப் லைட்.

தியேட்டரிலும் வெளிச்சம் திருட்டுப் போவது உண்டு. லேம்புக்கு வயதாகும், மாற்றச் செலவாகும், ஆகவே இழுத்தடிப்பார்கள். இரு பரிமாணப் படத்துக்கும் 3டி வடிகட்டியைக் கழற்றாமல் ஓட்டுவார்கள். நம் பக்கத்தில் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. ஆபரேட்டர் அறைக்கும் அரங்குக்கும் நடுவே ஒரு சிறு கண்ணாடி, அதன் வழியேதான் ஒளி போகும். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து அதில் பால் ஆடை மாதிரி ஒரு படலம் படியும். ஒருமுறை ஒரு தியேட்டரில் ‘லேம்ப் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்று என்னைக் கூப்பிட்டார்கள். பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வரச் சொல்லி அந்தக் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, திரையில் நாயகியின் புடவைக்கு நிறம் வந்தது. அதுவரை அங்கே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘ஒளிப்பதிவு சுமார்’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

பட அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பெரிய படங்கள் பெரும்பாலும் சினிமாஸ்கோப் அகலத்தில் எடுக்கப்படுகின்றன. தமிழில் அதைத் தொடங்கி வைத்தது 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அந்த அகலத்தை டிவியில் அடைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து திரையில் கால் பங்கு வீணாகும். 43 அங்குல டிவியை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது உங்கள் பார்வையில் சுமார் 18 பாகை (டிகிரி) கோணத்தைத்தான் நிறைக்கும். 30 பாகையாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, அதற்கு 1.8 மீட்டருக்குள் உட்கார வேண்டும். புதுச்சேரியில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு 2012-இல் வெளியான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் பறக்கும் மீன்கள் வரும் காட்சிக்கு வேண்டுமென்றே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்திருந்தார்கள். 3டியில் மீன்கள் அந்தப் பட்டையைத் தாண்டி அரங்குக்குள் பாய்ந்தன. அந்தப் படத்தை டிவியில் மட்டும் பார்த்தவர் ‘என்ன பெரிய காட்சி’ என்று கேட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

அசைவு பற்றியும் ஒன்று. படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) எடுக்கப்படுகிறது. பழைய டிவி ஒளிபரப்பில் அதை 25 ஆக்கி ஓட்டினார்கள், இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும், பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். கேள்வி ஞானம் உள்ளவர்கள் அப்போதே அதைக் கண்டுபிடித்துக் குறை சொன்னார்கள். அந்தத் தொல்லை இப்போதைய ஓடிடியில் இல்லை. அதற்குப் பதிலாகப் புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றை வாங்கும்போதே இயக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். இல்லாத சட்டங்களை டிவியே கற்பனை செய்து இடையில் செருகும். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த போர்க்காட்சி மெகா சீரியல் மாதிரி தெரிவது இதனால்தான். கிரிக்கெட்டுக்கு அது நல்லது, சினிமாவுக்குக் கேடு. உங்களுக்குச் சண்டைப் படம் சப்பென்று போனதில் இதற்குக் கணிசமான பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இனி ‘மட்டமான பிரதி’ என்ற சந்தேகம். ஓடிடிக்கென்று தரத்தைக் குறைத்துக் கொடுப்பது கிடையாது. கொடுப்பது நல்ல பிரதிதான், வரும் வழியில்தான் சுருங்குகிறது. கைபேசிக்கென்று இருக்கும் சில மலிவுச் சந்தாக்களில் 480 வரிகளுக்கு மேல் வராது, அதை எப்படியாவது டிவியில் காட்டிவிட்டுப் படத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் தியேட்டரில் பார்த்த படமும் வீட்டில் பார்த்த படமும் நீளத்தில் வேறாக இருக்கலாம். 2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் வாரம் பார்த்தவரும் இரண்டாம் வாரம் பார்த்தவரும் ஒரே பெயருள்ள இரண்டு படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தணிக்கையிலும் வேறுபாடு உண்டு. தியேட்டருக்குத் தணிக்கை வாரியச் சான்று வேண்டும். ஓடிடி 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருகிறது, வயதுக் குறியீட்டை அவர்களே இட்டுக்கொள்வார்கள். எனவே தியேட்டரில் ஊமையாக்கப்பட்ட சொற்கள் வீட்டில் ஒலிக்கலாம். தொலைக்காட்சி அலைவரிசையில் வருவது இன்னொரு வெட்டு. சந்தேகம் இருந்தால் படத்தின் மொத்த நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னவை நிச்சயமானவை. இனி நான் சொல்லப்போவதை மறுத்துப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் நாள் கூட்டத்தில் நாம் படத்தோடு கூட்டத்தையும் சேர்த்து ரசிக்கிறோம். நாயகன் அறிமுகமாகும்போது எடுக்கப்படும் அந்த நீளமான மெதுநடை, விசிலுக்கும் காகிதப் பூவுக்கும் இடம் விட்டு வெட்டப்பட்டது. வீட்டில் அம்மாவும் நீங்களும் மட்டும் இருக்கும்போது அந்த இடம் வெற்றிடமாகத் தெரியும். மேலும் நீங்கள் வீட்டில் பார்த்தது இரண்டாம் முறை. முடிச்சு எங்கே அவிழும் என்று தெரிந்துவிட்ட படத்தில் பதற்றத்தை எதிர்பார்ப்பது படத்துக்குச் செய்யும் அநியாயம். இடைவேளையும் அப்படித்தான். நம் படங்களின் உச்சங்களில் ஒன்று இடைவேளைக்காகவே கட்டப்படுகிறது. விளக்கு எரியாமல், வெளியே போய் ஒரு டீ குடிக்காமல் அடுத்த காட்சிக்கு நழுவும்போது அந்த உச்சம் கரைந்துவிடுகிறது.

உங்களுடைய இரண்டாவது அனுபவம், அதாவது வீட்டில் பிடித்துப்போன படம், எனக்கு இன்னும் சுவாரசியமானது. ‘மெய்யழகன்’ பெரும்பாலும் ஒரே இரவில் இருவர் பேசிக்கொண்டிருக்கும் படம். என் அபிப்பிராயத்தில் அது திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பேச்சு. வீட்டில், அவசரமில்லாமல், சாப்பிட்ட பிறகு பார்த்தால் அதன் நீளம் உறுத்தாது. ஆனால் ‘அமைதியான படம் என்றால் வீடு, அதிரடி என்றால் தியேட்டர்’ என்று ஒரு விதியாக்க நான் தயாரில்லை. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரையும், சேவல் கத்தும், மூச்சு கேட்கும். அது தியேட்டரில் மட்டுமே முழுதாகக் கிடைக்கும். வீட்டில் உங்கள் தெருவும் அதன் ஒலிக்கலவையில் சேர்ந்துகொள்ளும். அந்த மாதிரிப் படத்தை அமைதியான பார்வையாளர்களோடு பார்க்க வேண்டுமென்றால், புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி, கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேயில் அரசு சார்பில் நடக்கும் திரைப்பட விழாவுக்குப் போய்ப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது பெறும் படத்தை அங்கே திரையிடுவார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் வேறு மாதிரி.

ஆகவே எந்தக் கருத்தை நம்புவது? நடிப்பு, வசனம், கதையின் ஓட்டைகள் பற்றி உங்கள் வீட்டுக் கருத்தை நம்புங்கள். முதல் நாள் விசிலில் அவை தப்பித்துவிடும், வீட்டில் தப்பாது. ஒளிப்பதிவு, ஒலி, சண்டை அமைப்பு, பிரம்மாண்டம் பற்றித் தியேட்டர் கருத்தை நம்புங்கள். வேகம் பற்றி, அதாவது ‘இழுவை’ என்று சொல்வதற்கு முன், கொஞ்சம் நிதானியுங்கள். நடுவே கைபேசியை எடுத்துப் பார்த்து, குக்கர் விசிலுக்கு எழுந்து போய், மிச்சத்தை மறுநாள் பார்த்தவருக்கு எந்தப் படமும் இழுவைதான். தியேட்டரில் கொட்டாவி வந்ததற்குப் படம் காரணமா, இரவுக் காட்சிக்கு முன் சாப்பிட்ட பிரியாணி காரணமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இன்றே செய்யக்கூடியவை. டிவியின் பட அமைப்பில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அசைவை வழவழப்பாக்குவதையும் மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதியையும் அணையுங்கள். முதல் நாள் படம் மஞ்சளாகத் தெரியும், சில நாளில் பழகிவிடும். டியூப் லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். சவுண்ட்பார் வாங்குவதானால் 2.1-ஐ விட்டு 3.1 வாங்குங்கள், அந்த மூன்றாவதுதான் வசனத்துக்கான நடு ஸ்பீக்கர். அதுவரை டிவியின் ஒலி அமைப்பில் குரலைத் தெளிவாக்கும் வசதியும் இரவு நேர வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு வசதி வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்குக் கேட்கிற வசனம் அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அது டிவியின் கோளாறாக இருக்காது. வயதாகும்போது காது முதலில் இழப்பது ச, ஸ, ஷ போன்ற கூரிய ஒலிகளை. சத்தம் கேட்கும், சொல் புரியாது. தமிழ்ப் படத்துக்கே தமிழ் வசன வரிகள் இருந்தால் போட்டுக் கொடுங்கள், அப்படியே ஒருநாள் ஜிப்மரிலோ கடலூரிலேயோ காது மருத்துவரிடம் அழைத்துப்போய்ச் செவித்திறனைச் சோதித்துக்கொண்டு வாருங்கள்.